இரண்டு கோயில் உள்ள வீட்டில் கிறிஸ்துமஸ் இரவு: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

#1 தேரிக்காட்டுக்காரி

வணக்கம். இந்தக் குடும்பப் பகுதியைப் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவதுதான் என் வழக்கம். டிசம்பர் நெருங்கிவிட்டதால் கேட்டே ஆக வேண்டியிருக்கிறது.

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), சொந்த ஊர் நாசரேத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டுக்காரர் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), தூத்துக்குடிக்காரர். போன வருஷம் மே மாதம் கலியாணம், இப்போது பாளையங்கோட்டையில் வாடகை வீடு. எனக்கு ஊசிக்கோபுரம், அவருக்குச் சவேரியார் கோயில், இரண்டும் பக்கத்திலேயே இருப்பதால் சாதாரண ஞாயிறுகளில் ஒரு தொந்தரவும் இல்லை. பெருநாள் வந்தால்தான் வம்பு.

போன வருஷம் தலை கிறிஸ்துமஸ், அதனால் எங்கள் ஊரில் இருந்தோம். இவர் பிறந்ததிலிருந்து நடுச்சாமப் பூசையை விட்டதே இல்லையாம், மாமி அதைக் கோடை விடுமுறை வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வருஷம் 24 ராத்திரி தூத்துக்குடியில் பூசைக்கு நிற்க வேண்டும். அதே சமயம் எங்கள் ஊர் ஆராதனை 25 விடிகாலை நாலரைக்கு, அப்பா அங்கே சபைப் பொருளாளர், மகளும் மருமகனும் வரவில்லை என்றால் ஊரே விசாரிக்கும்.

"ரெண்டையும் பார்த்துரலாம்டி" என்கிறார் இவர். ஈஸ்டருக்கும் இதையேதான் சொன்னார். பாஸ்கா திருவிழிப்பு என்றால் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. வெளியே நெருப்பு மூட்டி, பெரிய திரியில் பற்றவைத்து, இருட்டில் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி பிடித்து, பழைய ஏற்பாட்டிலிருந்து வாசகம் வாசகமாகப் போய், மணியெல்லாம் அடித்து, தண்ணீர் தெளித்து முடிக்கும்போது மணி ஒன்றே முக்கால். என் பட்டுச் சேலை முந்தானையில் மெழுகு சொட்டி வெள்ளை வெள்ளையாக உறைந்திருந்தது, அது முன்னாலிருந்த பாட்டியின் வர்த்தி. அங்கிருந்து ஸ்கூட்டரில் எங்கள் ஊர். வழியெல்லாம் "ஏட்டி, தூங்கிராத, பேசிக்கிட்டே வா" என்று அவர் கத்த, பின்னாலிருந்து நான் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு போனேன்.

எங்கள் கோயிலில் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் தனித்தனி. இவர் போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். பிரசங்கம் தொடங்கி ஐயர் (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) கல்லறையின் கல்லைப் புரட்டுவதற்குள் தலை சாய்ந்து அப்பாவின் தோளுக்கு வந்துவிட்டது. அப்பா தோளை அசைக்கவே இல்லை. பிரசங்கம் முடியும்வரை ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருந்துவிட்டு, வெளியே வந்ததும் எல்லோரிடமும் "மருமகப்பிள்ளை கண்ணை மூடி ஜெபத்துல இருந்தாரு" என்று சொன்னார். இவருடைய குறட்டை பெண்கள் பக்கம் வரைக்கும் கேட்டது என்பது வேறு விஷயம்.

உங்கள் வீடுகளில் என்ன செய்கிறீர்கள்?

#2 முத்துநகர்வாசி

இரண்டையும் பார்க்கலாம், ஆனால் ஸ்கூட்டரில் வேண்டாம். மார்கழிப் பனியில் ஏரல் வழியாக அந்த நேரத்துக்குப் போனால் ஆற்றுப் பக்கம் கண்ணே தெரியாது. கார் ஏற்பாடு செய்யுங்கள்.

#3 சபைக் கணக்கர்

சகோதரிக்கு ஒரு யோசனை. ஆர்.சி. பக்கம் 24 சாயங்காலப் பூசைக்கே போய்விடலாமே? அவர்களுடைய 1983-ம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத்தில் 1248-ம் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள், ஞாயிறு அல்லது கடன் திருநாளுக்கு (கட்டாயம் பூசை காண வேண்டிய நாளுக்கு) முந்தைய நாள் சாயங்காலம் பூசை கண்டாலும் கடமை நிறைவேறிவிடும் என்று இருக்கிறது. நான் சி.எஸ்.ஐ.தான், மருமகன் ஆர்.சி., அதனால் இதையெல்லாம் படித்து வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் கோயில், ஞாயிறு காலை நம் கோயில். பல பெரிய பங்குக் கோயில்களில் 24-ம் தேதி சாயங்காலமும் ஒரு பூசை வைக்கிறார்கள்.

#4 மார்த்தாண்டம் மக்கா

மக்கா, நீங்க ரெண்டு கோயிலுக்குப் போறதுதான் கஷ்டம்னு நினைக்கிறீங்க, எங்களுக்குக் கோயிலே வீட்டுக்கு வந்துரும்.

கலியாணமான முதல் டிசம்பர். கேரல் குழு வீடு வீடாகப் பாடி வரும் நாள் என்று சபையில் அறிவித்தது உண்மை, நானும் அவளும் கேட்டதும் உண்மை. பத்து மணி வரை விழித்திருந்தோம், பதினொன்று ஆச்சு, இனி நம்ம தெருவுக்கு நாளைக்குத்தான் என்று படுத்துவிட்டோம். ரெண்டரை மணிக்கு ஜன்னலுக்கு வெளியே டிரம் அடித்தான். அப்படியே கட்டிலிலிருந்து விழுந்தேன். கதவைத் திறந்தால் முப்பது பேர், நடுவில் தாத்தா வேஷம், பெட்ரோமாக்ஸ் போல ஒரு விளக்கு, அதற்குப் பின்னால் எங்கள் வாலிபர் சங்கத் தலைவர். நான் லுங்கி, மேலே அவளுடைய சால்வை, அவசரத்தில் கைக்குக் கிடைத்தது.

பாட்டு முடிந்ததும் எல்லோரும் உள்ளே பார்க்கிறார்கள். காப்பிக்குப் பால் இல்லை. அவள் அடுக்களையில் நின்றுகொண்டு மெல்ல "கட்டன் போடட்டா" என்றாள், முப்பது பேருக்குக் கட்டன்சாயா, கூடவே அம்மா கிறிஸ்துமஸுக்கென்று கொடுத்தனுப்பிய முந்திரிக்கொத்து முழு டின். 25-ம் தேதி எங்கள் வீட்டில் முந்திரிக்கொத்து இல்லை. தாத்தா வேஷம் போட்டவன் போகும்போது "சால்வை நல்லாருக்கு அண்ணே" என்றான், இன்னைக்கும் பார்க்கும்போதெல்லாம் அதையேதான் சொல்கிறான்.

#5 தேரிக்காட்டுக்காரி

சபைக் கணக்கர் ஐயாவுக்கு நன்றி. சனிக்கிழமைச் சாயங்காலப் பூசை என்று ஏற்கெனவே நாங்களும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஆனால் 24 சாயங்காலப் பூசை என்று மாமியிடம் சொல்லிப் பார்த்தேன். சட்டத்தில் இருக்கலாம், பாலன் பிறக்கிறது நடுச்சாமத்துலதானே, சாயங்காலம் போய் யாரைப் பார்க்கப் போறீங்க என்று கேட்டுவிட்டார். பதில் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். கலியாணம் பேசும்போது இரண்டு பக்கமும் பயமுறுத்தாத ஆள் இல்லை. எங்கள் சித்திமார் மாதா, ஜெபமாலை, சுரூபம் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். அவர் பக்கத்தில் நற்கருணை, பாப்பு (போப்), பாவசங்கீர்த்தனம் என்று இன்னொன்று. இதுவரை எங்கள் வீட்டில் அந்தப் பட்டியல்களிலிருந்து ஒரு சண்டை கூட வரவில்லை. நன்மை (நற்கருணை) வாங்க எல்லோரும் எழுந்து போகும்போது நான் பெஞ்சில் கால்களை ஒதுக்கிக்கொண்டு வழிவிடுவேன், எங்கள் கோயிலில் அவர் அப்படியே. சண்டை வருவதெல்லாம் எத்தனை மணிக்கு எழுந்திருப்பது, யார் வண்டி எடுப்பது, லெந்தில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில்) என்ன சமைப்பது, பூசை எட்டு மணி என்றால் எட்டுக்குக் குளிக்கப் போகலாமா என்பதில்தான்.

எங்கள் ஊர்க் கோயிலுக்கு அவர் முதலில் வந்த அன்று நடந்ததைச் சொன்னால்தான் புரியும். ஆர்.சி.யில் பெஞ்சுக்குள் போகும்முன் ஒரு காலை மடக்கி முழங்காலிட்டு வணங்குவார்கள் அல்லவா, பழக்கதோஷத்தில் நடைபாதை நடுவில் டக்கென்று இறங்கிவிட்டார். பின்னால் வந்த எங்கள் பெரியப்பா அவர் மேல் மோத, பெரியப்பா மேல் இன்னொருவர் மோத, ஆண்கள் பக்கம் ஒரு வரிசையே நின்றது. அதோடு விட்டாரா, சுவரில் பலகையில் பாட்டு நம்பர் போட்டிருப்பார்கள், அந்த நம்பரை பாமாலைப் புத்தகத்தில் எடுக்க வேண்டிய இடத்தில் கீர்த்தனைப் புத்தகத்தில் எடுத்து, சபை ஒன்று பாட இவர் வேறொன்று பாடி, கடைசிச் சரணம் வரைக்கும் விடாமல் முடித்தார். நான் பெண்கள் பக்கத்திலிருந்து புருவத்தால் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "உங்க ஆளுக்கு நல்ல கட்டைக் குரல்" என்றார் ஐயரம்மா.

#6 நேர்கோடு

எல்லாம் சிரிப்பாகத்தான் இருக்கும். பிள்ளை பிறந்தால் எந்தக் கோயிலில் ஞானஸ்நானம்? அப்போது இந்த நகைச்சுவை எங்கே போகிறது என்று பார்க்கலாம். சத்தியத்தைச் சமரசம் செய்யும் குடும்பங்களைப் பற்றி இப்படி விளையாட்டாக எழுதுவது இளையவர்களுக்குத் தவறான முன்மாதிரி.

#7 மார்த்தாண்டம் மக்கா

அண்ணன், கிறிஸ்துமஸுக்கு எப்படிப் போறதுன்னுதான் கேட்டாங்க.

#8 திருச்சி மணியோசை

நேர்கோடு கேட்டதில் பாதி நியாயமான கேள்விதான், அதற்கு விஷயமாகவே பதில் இருக்கிறது. கத்தோலிக்கர் ஒருவர் ஞானஸ்நானம் பெற்ற வேறு சபைக்காரரைக் கலியாணம் செய்ய ஆயரின் அனுமதி வேண்டும், சட்டம் 1124. பிள்ளைகளைத் தன் சபையில் வளர்க்கத் தன்னால் முடிந்ததெல்லாம் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்க வேண்டும், மற்றவருக்கு அது தெரியப்படுத்தப்பட்டிருக்க வேண்டும், அது 1125. ஆக, இதெல்லாம் கலியாணத்துக்கு முன்பே பேசி எழுதி முடிந்த விஷயம், பிள்ளை பிறந்த பிறகு திடீரென்று முளைப்பதில்லை. தண்ணீரும் பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் நாமமும் இருந்தால் ஞானஸ்நானம் ஒருமுறைதான், மறுபடி கொடுப்பதில்லை என்பதும் தெரிந்ததே.

அப்புறம், சி.எஸ்.ஐ.யே கலந்து பிறந்த சபைதானே! 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று வெவ்வேறு வழக்கங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. அன்றைக்கு வீட்டுக்கு வீடு எவ்வளவு பேச்சு நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

#9 தேரிக்காட்டுக்காரி

திருச்சி அண்ணன் சொன்னதுதான். அந்த வாக்குக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது அவர், போடுவதற்குப் பேனா கொடுத்தது நான். அதற்கு மேல் அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

கோயில் முறை தெரியாததால் வரும் கூத்து என்றால் ஏலம்மாவைத்தான் சொல்ல வேண்டும். ஏலம்மா எங்கள் கோழி.

எங்கள் பக்கத்து அறுப்பின் பண்டிகை பார்த்திராதவர்களுக்கு: ஆராதனை முடிந்ததும் காணிக்கையாக வந்த பொருளையெல்லாம் கோயில் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். வாழைத்தார், பூசணி, பனங்கிழங்குக் கட்டு, முருங்கைக்காய், வீட்டில் செய்த கேக், முட்டை, கோழி, சில வருஷம் ஆட்டுக்குட்டி. விலைக்கும் பொருளுக்கும் சம்பந்தம் இருக்காது, ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரத்தைத் தாண்டும். எடுத்தவர் "கோயிலுக்கே" என்று திருப்பிக் கொடுப்பார், அதே பழம் மறுபடி ஏலத்துக்கு வரும். பணத்தைக் கூட அன்றே கட்ட வேண்டியதில்லை, பேரை எழுதிக்கொள்வார்கள்.

போன வருஷம் ஒரு சிவப்புப் பெட்டைக் கோழி வந்தது. சித்தப்பா ஒரு விலை கேட்டார். புது மருமகன் சும்மா இருந்தால் நன்றாக இருக்காது என்று இவரும் கேட்டார். மருமகன் கேட்கிறாரே, அவரைத் தனியாக விட்டால் மரியாதை இல்லை என்று சித்தப்பா ஏற்றினார். சித்தப்பா ஆசைப்பட்டு ஏற்றுகிறார், நாம் எடுத்து அவருக்கே கொடுத்துவிடலாம் என்று இவர் ஏற்றினார். ஏலம் விடுகிறவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "மாப்பிள்ளை ஒரு தரம்! மாப்பிள்ளை ரெண்டு தரம்!" என்று கத்த, கடைசியில் ஒரு ஆட்டுக்குட்டி வாங்கும் விலைக்குக் கோழி இவர் பேருக்கு வந்தது. முற்றமே "கோயிலுக்கே" என்ற வார்த்தைக்குக் காத்திருக்கிறது. இவர் கோழியை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து, "போலாமா?" என்றார்.

எனக்கு விவரம் தெரிந்து எங்கள் ஊர் ஏலத்தில் எடுத்த கோழியை உண்மையிலேயே வீட்டுக்குக் கொண்டுபோன முதல் ஆள் இவர்தான்.

#10 மார்த்தாண்டம் மக்கா

சிரிச்சு முடியல. குழம்பு எப்படி இருந்துச்சு?

#11 தேரிக்காட்டுக்காரி

குழம்பா? முதல் வாரமே பேர் வைத்துவிட்டார். அவர் பிலோமினாள் என்று வைக்கப் பார்த்தார், அந்தப் பேரில் அவருக்கே இரண்டு அத்தைகள் இருக்கிறார்கள் என்று நினைவுபடுத்திய பிறகு ஏலம்மா ஆனது. பேர் வைத்த கோழியை யார் அறுப்பது?

#12 கக்கத்தில் கோழி

வணக்கம். மேற்படி மாப்பிள்ளை நான்தான். ராத்திரி பதினொரு மணிக்கு ஒருத்தி போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தால் என்னவென்று பார்க்க வேண்டியதுதானே? பார்த்தேன். கணக்குத் திறந்துவிட்டேன்.

என் தரப்பு இது. ஏலத்தில் எடுத்ததை எடுத்தவன் கொண்டுபோகக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் துறைமுகத்து ஊர்க்காரன், விடியற்காலை மீன் ஏலம் பார்த்து வளர்ந்தவன். அங்கே ஒரு கூடை சாளையை ஏலத்தில் எடுத்துவிட்டு எவனாவது "கடலுக்கே" என்று திருப்பிப் போடுவானா?

குறட்டை விஷயத்தில் சாட்சி மாமா ஒருவர்தான், அவர் ஜெபம் என்று சொல்லிவிட்டார். வழக்கு முடிந்தது.

அப்புறம் அவள் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். லெந்து வந்தால் எங்கள் வீட்டில் நாற்பது நாளும் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது, அவர்கள் ஊர் வழக்கம் அப்படியாம். எங்களுக்குத் திருநீற்றுப் புதனும் வெள்ளிக்கிழமைகளும்தான் சுத்த போசனம், அதிலும் கறிதான் கூடாது, மீனுக்குத் தடை இல்லை. முதல் வெள்ளி தூத்துக்குடியிலிருந்து அம்மா கொடுத்துவிட்ட சீலா மீனை நானே கழுவி, மிளகாய்த்தூள் தடவி, பொரித்துச் சாப்பிட்டேன். இவள் எதிரே உட்கார்ந்து பீர்க்கங்காய்க் கூட்டைப் பிசைந்துகொண்டு என்னையே பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பார்வையோடு மீன் தின்பதை விடப் பெரிய ஒறுத்தல் வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

#13 தேரிக்காட்டுக்காரி

நாலு துண்டு சாப்பிட்டார். சீலா மீன், அதுவும் தலைக்குப் பக்கத்துத் துண்டு. ஒறுத்தலாம்!

பெரிய வெள்ளியையும் எழுத வேண்டியதுதானே. எங்களுடையது பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மும்மணித் தியானம், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைக்கு ஏழு பேர் பேசுவார்கள், முடிந்ததும் கஞ்சி. மூன்றாவது வார்த்தையிலேயே பக்கத்திலிருந்த சின்னப் பையனிடம் "இன்னும் எத்தனை" என்று கேட்டிருக்கிறார். அவன் கையை விரித்து நாலு காட்டினானாம்.

#14 பெரம்பூர் மருமகள்

உங்கள் இரண்டு பேருக்கும் இடையில் நான் புகுந்துகொள்கிறேன். இரண்டு கோயில் பிரச்சினை எனக்கு இல்லை, ஒரே சபை, ஆனால் வாக்குத்தத்த அட்டை என்று ஒன்று இருக்கிறதே.

புது வருஷ ஆராதனையில் நடுச்சாமம் தாண்டியதும் வரிசையாகப் போய் ஆளுக்கொரு அட்டை எடுப்போம், அந்த வசனம் அந்த வருஷத்துக்கு. கலியாணமாகி வந்த முதல் ஆராதனை. எனக்கு என்ன வந்தது என்று இப்போது ஞாபகம் கூட இல்லை. இவர் கையில் வந்தது 127-ம் சங்கீதம், மூன்றாம் வசனம். "இதோ, பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம்." பின்னால் நின்ற மாமியார் தோளுக்கு மேல் எட்டிப் படித்துவிட்டு "ஸ்தோத்திரம்!" என்று சொன்னது மைக் இல்லாமலே பலிபீடம் வரைக்கும் போனது.

காலையில் அட்டை பிரிட்ஜ் கதவில் ஒட்டியாகிவிட்டது. மத்தியானத்துக்குள் மதுராந்தகம், வேலூர், பெங்களூர் எல்லா அத்தைகளுக்கும் தகவல். பிப்ரவரியிலிருந்து போன் எடுத்தாலே "விசேஷம் உண்டாம்மா?" எனக்கு லேசாகத் தலைவலி என்று ஒருநாள் படுத்தேன், அன்று சாயங்காலமே பக்கத்துத் தெரு ஜெபக்குழு ஆரஞ்சுப் பழத்தோடு வந்துவிட்டது. தலைவலிக்கு ஜெபித்தார்கள், ஆனால் ஜெபத்தில் தொட்டில் வந்தது.

அடுத்த டிசம்பர் 31. நான் கைகளைக் கட்டிக்கொண்டு இவரை முன்னால் தள்ளினேன். எடுத்தார், படித்தார், சிரிப்பை அடக்க முடியாமல் என்னிடம் நீட்டினார். 27-ம் சங்கீதம் பதினாலு: "கர்த்தருக்குக் காத்திரு." மாமியார் அதையும் வாங்கிப் படித்தார். நீண்ட நேரம் படித்தார். பழைய அட்டையை எடுத்துவிட்டு அதை பிரிட்ஜில் ஒட்டினார், அதோடு யாரும் போன் பண்ணவில்லை.

(அதன்பிறகு இரண்டு பேர் பிறந்து இப்போது அந்த பிரிட்ஜ் முழுக்கக் கிறுக்கல்தான்.)

#15 நேர்கோடு

வசனத்தை லாட்டரிச் சீட்டு போல எடுப்பதும் சரியான முறை அல்ல. ஆனால் ஜெபக்குழுவும் ஆரஞ்சுப் பழமும் எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

#16 மார்த்தாண்டம் மக்கா

நேர்கோடு அண்ணன் வளைஞ்சுட்டார்!

கோழி இன்னும் இருக்கா? அதைச் சொல்லுங்க முதல்ல.

#17 கக்கத்தில் கோழி

இருக்கிறது, நன்றாக இருக்கிறது. வீட்டுக்கார அம்மாவுக்கு விடியற்காலைக் கொக்கரிப்பு பிடிக்கவில்லை, பேரனுக்கு நாட்டுக்கோழி முட்டை வாரம் நாலு என்று பேசி முடித்த பிறகு பிடித்துவிட்டது.

ஆனால் போன டிசம்பரில் ஒரு சம்பவம். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து குடில் பெரிதாகப் போடுவோம். புல்வெளிக்குத் தாம்பாளத்தில் மண் பரப்பி, கேழ்வரகு தெளித்து, ஈரத்துணி மூடி வைத்தால் ஒரு வாரத்தில் பச்சைப் பசேலென்று வந்துவிடும். பழைய சிமெண்ட் சாக்கைக் கஞ்சியில் முக்கிக் காயவைத்தால் மலை. கண்ணாடித் துண்டு குளம். வரவேற்பறையில் பாதி இடத்துக்குப் பெத்லகேம். தொட்டிலில் வைக்கோல் மட்டும், பாலனை 24 ராத்திரிதான் வைப்போம்.

அதற்கு முந்தி ஒருநாள் சாயங்காலம் இவளுடைய ஐயர் வீட்டு ஜெபத்துக்கு வருவதாக இருந்தது. சி.எஸ்.ஐ. ஐயர் முதல் தடவையாக வருகிறார், குடிலைப் பார்க்கட்டும் என்று விளக்கெல்லாம் போட்டு வைத்தேன். பின்கதவை யார் திறந்து வைத்தது என்பதில் இன்று வரை இரண்டு கருத்து உண்டு. ஐயரும் ஐயரம்மாவும் உள்ளே வந்தபோது பெத்லகேம் வயல்வெளியில் ஒரு முளை மீதியில்லை, மூன்று ராஜாக்களும் குப்புறக் கிடக்கிறார்கள், தொட்டிலில் ஏலம்மா. சும்மா இல்லை, கண்ணைப் பாதி மூடி, இறக்கையை விரித்து, முட்டையிடும் தோரணையில். வைக்கோலைக் கண்டால் கோழி வேறென்ன செய்யும்?

எனக்கு வேர்த்துவிட்டது. துரத்தப் போனேன். ஐயர் கையைப் பிடித்து நிறுத்தினார். "விடுங்க தம்பி, மாட்டுத்தொழுவம்னா கோழியும் நின்னிருக்கும்தானே. முட்டை போட்டுட்டுப் போகட்டும்." ஜெபம் தொடங்கினோம். நடுவில், மிகச் சரியாக ஐயர் "தேவரீர் இந்தக் குடும்பத்துக்குத் தந்த எல்லா நன்மைகளுக்காகவும்" என்ற இடத்தில், ஏலம்மா கொக்கரித்தாள். ஐயரம்மா வாயில் சேலைத் தலைப்பைத் திணித்துக்கொண்டதை நான் கண்ணைத் திறந்து பார்த்தேன், ஆமாம், ஜெபத்தில் கண்ணைத் திறந்தேன்.

#18 தேரிக்காட்டுக்காரி

பின்கதவைத் திறந்தது அவர்தான். சாக்கு காயவைக்கப் போனவர் சாத்தவில்லை.

24-ம் தேதி எங்கள் ஊருக்குக் கிளம்ப வேண்டியிருந்ததால் மத்தியானம் மூன்று மணிக்கே பாலனைத் தொட்டிலில் வைத்துவிட்டுப் பூட்டினார். இந்த வருஷம் மாமியிடம் நடுச்சாம வாதம் வந்தால் அதைச் சொல்லிக் காட்டலாம் என்று வைத்திருக்கிறேன்.

#19 மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது, பூட்டப் போவதில்லை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் இன்னும் #2-லும் #3-லும் மட்டுமே இருக்கிறது. கோழிக்குத் தனி இழை திறந்துகொள்ளலாம்.

#20 முத்துநகர்வாசி

சரி, கேள்விக்கே வருகிறேன். என் மனைவி மெஞ்ஞானபுரம் பக்கம், நான் தூத்துக்குடி, பல வருஷமாக இதைச் செய்துவருகிறோம்.

நடுச்சாமப் பூசை பதினொன்றரைக்குத் தொடங்கினால் ஒன்று, ஒன்றேகாலுக்கு முடியும், பாஸ்கா அளவுக்கு நீளாது, அதனால் ஈஸ்டரை வைத்துப் பயப்பட வேண்டாம். பெரிய பேராலயத்துக்குப் போகாதீர்கள். பனிமயமாதா கோயில் வாசலில் அன்று வண்டியை எடுப்பதற்கே அரை மணி ஆகும், ஆகஸ்ட் 5 திருவிழாக் கூட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும். உங்கள் பங்குக் கோயிலுக்கே போங்கள். பூசை முடிந்ததும் மாமி வீட்டில் கேக் வெட்டாமல் விடமாட்டார், அதற்கு இருபது நிமிஷம். உட்காராதீர்கள், நின்றுகொண்டே சாப்பிடுங்கள், உட்கார்ந்தால் கறி சூடாக்கிவிடுவார்கள். ஒன்றே முக்காலுக்குக் கிளம்பினால் பனியிலும் மூன்றேகாலுக்குள் ஊர் சேரலாம். குளித்து உடை மாற்ற ஒரு மணி நேரம் இருக்கும்.

தூக்கம் 24 மத்தியானமே தூங்க வேண்டும். இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை, போனை அணைத்துவிட்டு. எல்லோரும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள், அன்று மத்தியானம் பலகாரம் சுட உட்கார்ந்துவிடுகிறார்கள்.

வண்டி ஓட்டுகிறவர் பிரசங்கத்தில் தூங்கலாம், வண்டியில் தூங்கக் கூடாது.

#21 திருச்சி மணியோசை

நல்ல யோசனை. இன்னொன்று, இரண்டு கோயிலிலும் ஒரே உடையில் நிற்காதீர்கள். இரண்டு பக்கத்து அத்தைகளும் புகைப்படத்தை வாட்ஸப்பில் போடுவார்கள், புதுச்சேலை யார் எடுத்துக்கொடுத்தது என்ற கேள்வி ஜனவரி வரை ஓடும்.

#22 தேரிக்காட்டுக்காரி

முத்துநகர்வாசி அண்ணனுக்கு ரொம்ப நன்றி, இதைத்தான் தேடினேன். சித்தப்பா மகனின் காரைக் கேட்டிருக்கிறோம், தருகிறேன் என்றிருக்கிறான். பலகாரத்தை 22-ம் தேதியே முடித்துவிடுகிறேன், மாமி மக்ரூன் அனுப்புகிறார், அம்மா அதிரசம், நான் அச்சுமுறுக்கு மட்டும். மாமி எடுத்த சேலை பூசைக்கு, அம்மா எடுத்தது ஆராதனைக்கு. கேக்கை நின்றுகொண்டே சாப்பிடும் விஷயத்தை இவரிடம் சொன்னேன், கறிக்கு என்ன ஆகும் என்று கேட்கிறார்.

#23 முத்துநகர்வாசி

தூக்குச் சட்டியில் வாங்கிக்கொள்ளுங்கள். காரில் பின்சீட்டில் வைக்காதீர்கள், கால் வைக்கும் இடத்தில் துணி சுற்றி வையுங்கள். பெட்ரோல் 24 சாயங்காலமே போட்டுவிடுங்கள், ராத்திரி பங்கில் ஆள் பூசைக்குப் போயிருப்பான்.